போடோ/கிளிம்ட்: முதலாளி இல்லாத ஒரு நார்வே கிளப் மேலே வந்தது எப்படி?

நார்வேயின் வடக்குப் பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, கடலை ஒட்டி போடோ என்று ஓர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 50 ஆயிரம். அந்த ஊரின் கால்பந்து கிளப்புக்குப் பெயர் போடோ/கிளிம்ட். சுருக்கமாக கிளிம்ட் என்பார்கள். 2016-ல் இந்த அணி மோசமாக ஆடி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 2020-ல் நாட்டின் சாம்பியன். 2025-ல் யூரோப்பா லீக் அரையிறுதி. 2026 ஜனவரியில் சாம்பியன்ஸ் லீக்கில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டியை 3-1 என்று தோற்கடித்தது.

இதைச் சொன்னதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கோடீஸ்வரர் வாங்கினார்?" என்பதுதான். நியாயமான கேள்வி. இன்றைய கால்பந்தில் ஒரு சின்ன அணி திடீரென்று மேலே வந்தால், பின்னால் ஓர் எண்ணெய் வள நாடோ ஒரு முதலீட்டு நிறுவனமோ இருப்பது வழக்கம். ஆனால் நார்வேயில் ஒரு கிளப்பை யாரும் அப்படி விலை கொடுத்து வாங்கிவிட முடியாது. அந்த நாட்டின் விதியே அதற்கு இடம் கொடுக்காது. அப்படியானால் ஒரு கிளப் எப்படி மேலே வருகிறது, எதனால் விழுகிறது? கிளிம்ட்டின் நூறாண்டுக் கதையை வைத்து அதைப் பார்க்கலாம். கால்பந்தே புதிது என்றாலும் பரவாயில்லை, அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏறவும் இறங்கவும் ஓர் ஏணி

நார்வேயின் முதல் டிவிஷனுக்கு எலிட்டசெரியன் என்று பெயர். 16 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 15 அணிகளோடு சொந்த ஊரில் ஒருமுறை, எதிரணி ஊரில் ஒருமுறை ஆடும். ஆக மொத்தம் 30 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் ஒன்றும் இல்லை. கடைசியில் யாரிடம் அதிகப் புள்ளி இருக்கிறதோ அவர்தான் சாம்பியன். இறுதிப்போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இதற்கு அடுத்த விஷயம்தான் புதிதாக இருக்கும். அங்கே கடைசி இடத்தில் முடித்த அணியும் அடுத்த வருடம் அதே மஞ்சளோ சிவப்போ அணிந்து வந்து நிற்கும். ஐரோப்பியக் கால்பந்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எலிட்டசெரியனில் கடைசி இரண்டு இடங்களில் முடிப்பவர்கள் நேராக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட வேண்டும். கீழிருந்து மூன்றாவதாக வருபவர், இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி வரத் துடிக்கும் அணியோடு தனியாக மோதித் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். கீழே ஜெயித்தவர்கள் மேலே வருவார்கள். இரண்டாம் டிவிஷனுக்குக் கீழே மூன்றாவது, நான்காவது என்று ஏணி போய்க்கொண்டே இருக்கும்.

இறங்குவது கௌரவப் பிரச்சினை மட்டும் கிடையாது. டிவி வருமானம் சுருங்கும், ஸ்பான்சர்கள் பேரம் பேசுவார்கள், நல்ல ஆட்டக்காரர்கள் வேறு அணிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆளும் பணமும் இல்லாமல் மறுபடி ஏற வேண்டும்.

லீக் தவிர "கப்" என்று இன்னொரு போட்டி உண்டு. நாட்டின் பெரிய அணி, சின்ன அணி எல்லாம் ஒரே குடத்தில். தோற்றால் வெளியே, ஜெயித்தால் அடுத்த சுற்று. லீக்கில் ஜெயிக்க ஒரு வருடம் முழுக்க நன்றாக ஆட வேண்டும். கப்பில் ஐந்தாறு நாள் நன்றாக ஆடினால் போதும். அதனால்தான் சின்ன அணிகளின் அலமாரியில் கப் இருக்கும், லீக் பட்டம் இருக்காது. கிளிம்ட்டின் அலமாரியும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது.

ஏணி வடக்கே எட்டாத காலம்

கிளப் தொடங்கியது 1916-ல். அப்போது பெயர் வெறும் கிளிம்ட். அதே பெயரில் இன்னொரு கிளப்பும் இருந்ததால் 1948-ல் ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோடு அப்போது வந்தது.

இந்த ஏணி நார்வே முழுக்க ஒரே மாதிரி வைக்கப்பட்டிருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வட நார்வே அணிகளுக்குத் தேசியக் கப்பில் ஆட 1963 வரை அனுமதியே கிடையாது. முதல் டிவிஷனுக்கு ஏறும் வாய்ப்பு 1972-ல்தான் கிடைத்தது. சொந்த நாட்டின் போட்டியில், சொந்த நாட்டு அணிகளுக்கே இடம் இல்லை. வடக்கே ஆடப்படும் கால்பந்து அவ்வளவு தரமாக இருக்காது என்ற எண்ணம் தெற்கே ஆழமாக இருந்தது. தூரமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. போடோவுக்கு ரயில் பாதையே 1962-ல்தான் வந்து சேர்ந்தது. அதற்கும் வடக்கே இருக்கும் துரும்சோ ஊருக்கு இன்றுவரை ரயில் இல்லை. ஆனால் தூரத்தை மட்டும் காரணமாக ஏற்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தூரம் என்பது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதானே.

1972-ல் நார்விக் ஊரைச் சேர்ந்த மியோல்னர் முதல் டிவிஷனில் ஆடிய முதல் வடக்கு அணி ஆனது. கதவு திறந்ததே தவிர முழுசாகத் திறக்கவில்லை. அப்போது இரண்டாம் டிவிஷனில் மூன்று குழுக்கள் இருந்தன: தெற்கே இரண்டு, வடக்கே ஒன்று. தெற்கத்திக் குழுக்களில் முதலாவது வந்தவர்கள் நேராக மேலே போவார்கள். வடக்குக் குழுவில் முதலாவது வந்தவர், தெற்கே இரண்டாவது வந்தவர்களோடு மோதி ஜெயித்தால்தான் மேலே போகலாம். கிளிம்ட் 1974-ல் வடக்குக் குழுவில் முதலிடம். மேலே போக முடியவில்லை. 1975-லும் முதலிடம். அப்போதும் முடியவில்லை.

அதே 1975-ல் இன்னொரு விஷயம் நடந்தது. லீக்கில் இரண்டாம் டிவிஷனில் முடங்கிக் கிடந்த அந்த அணி, கப் இறுதிப்போட்டியில் வார்ட் அணியை 2-0 என்று தோற்கடித்துக் கோப்பையை வடக்கே கொண்டுபோனது. தேசியக் கப்பை ஜெயித்த முதல் வட நார்வே அணி கிளிம்ட்தான். முதல் டிவிஷனில் ஆடத் தகுதி இல்லை என்று சொல்லப்பட்ட அணி, முதல் டிவிஷன்காரர்களும் ஆடிய கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனால் வேறென்ன பதில் வேண்டும்? அந்த அணியின் நட்சத்திரம் ஹாரல் பெர்க். ஹாலந்தில் தொழில்முறையாக ஆடிவிட்டு ஊர் திரும்பியிருந்தவர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், குடும்பமாகத் திரும்ப வருவார்கள்.

1976-ல் ஒருவழியாக ஏறினார்கள். 1977-ல் முதல் டிவிஷனில் முதல் ஆட்ட வருடத்திலேயே இரண்டாம் இடம், கப்பிலும் இறுதிப்போட்டி. மூன்றே ஆண்டில், 1980-ல், மறுபடி இறக்கம்.

ரசிகர்கள் கையில் மஞ்சள் நிறத்தில் ஆளுயர டூத் பிரஷ்ஷைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். 1970-களில் கோஷம் போடுவதற்கு முன்னின்ற ஒரு ரசிகர் டூத் பிரஷ்ஷை ஆட்டித் தாளம் பிடிக்கத் தொடங்க, அதுவே கிளப்பின் சின்னமாகிவிட்டது. அணியின் சட்டை நிறமும் மஞ்சள்தான்.

மேலே, கீழே, மேலே, கீழே

1980-களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். இரண்டாம் டிவிஷன், சில வருடம் மூன்றாம் டிவிஷன், ஊருக்கு வெளியே யாரும் கவனிக்கவில்லை. 1992-ல் ட்ரோன் சோலியெட் பயிற்சியாளராக வந்தார். முதல் வருடமே அணியை மேலே ஏற்றினார். 1993-ல் லீக்கில் இரண்டாம் இடம், அதோடு கப். ஊரே ஆடிப்போனது. 2003-ல் மறுபடி லீக்கில் இரண்டாம் இடம். 2005-ல் இறக்கம். 2007-ல் ஏற்றம். 2009-ல் இறக்கம். 2013-ல் ஏற்றம். 2016-ல் இறக்கம்.

இப்படி ஏறி இறங்கும் கிளப்புக்கு நார்வேயில் "லிஃப்ட் அணி" மாதிரி கேலிப் பெயர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே வந்ததும் தாக்குப்பிடிக்கச் செலவு செய்வார்கள், கீழே போனதும் அந்தச் செலவு கழுத்தை நெரிக்கும். 2010-ஐ ஒட்டி கிளப் திவாலாகும் நிலைக்கே போய்விட்டது. சம்பளம் தள்ளிப்போனது. ரசிகர்கள் காலி பாட்டில்களைச் சேகரித்துக் கடையில் திருப்பிக் கொடுத்து, அதற்குக் கிடைத்த காசைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். நார்வேயில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். நம் ஊரில் சோடா பாட்டிலுக்கு முன்பு இருந்த அதே ஏற்பாடு.

கிளப் யாருடையது?

பாட்டில் பொறுக்கிக் காசு சேர்க்கும் அளவுக்கு ரசிகர்கள் ஏன் போக வேண்டும்? ஒரு பணக்காரர் வந்து கடனை அடைத்துக் கிளப்பை எடுத்துக்கொள்ளக் கூடாதா?

கூடாது. நார்வேயில் விளையாட்டுக் கிளப் என்பது உறுப்பினர்களின் சங்கம். வருடச் சந்தா கட்டியவர் உறுப்பினர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆளுக்கு ஓர் ஓட்டு. பத்து ரூபாய் வைத்திருப்பவருக்கும் ஓர் ஓட்டு, பத்துக் கோடி வைத்திருப்பவருக்கும் ஓர் ஓட்டு. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கூட்டம். வியாபாரப் பக்கத்தைக் கவனிக்க ஒரு நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், அதில் வெளியார் பணம் போடலாம். ஆனால் விளையாட்டு சம்பந்தப்பட்ட முடிவுகள் கிளப்பின் கையிலேயே இருக்க வேண்டும். பணம் போட்டவர் கிளப்புக்கு உதவலாம், கிளப்பை ஆள முடியாது.

இந்த ஓட்டுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு உதாரணம். வீடியோவைப் பார்த்து நடுவரின் முடிவைத் திருத்தும் விஏஆர் முறை நார்வே ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. 2024 ஜூலையில் ரோசன்போர்க்கும் லில்லெஸ்த்ரோமும் மோதிய ஆட்டத்தில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் மீன் வடைகளையும் மைதானத்துக்குள் வீசினார்கள். ஆட்டமே கைவிடப்பட்டது. வேறு நாடாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். இங்கே உறுப்பினர்கள் தங்கள் கிளப் கூட்டங்களில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியில் முதல் இரண்டு டிவிஷன்களின் 32 கிளப்புகள் கூடி ஓட்டுப் போட்டபோது 19-13 என்று விஏஆர் வேண்டாம் என்றே முடிவானது. பிறகு மார்ச்சில் கால்பந்துச் சங்கத்தின் பெரிய கூட்டத்தில் அது தோற்று விஏஆர் தப்பித்துக்கொண்டது. ஆனால் மீன் வடையில் தொடங்கிய கோபம் தேசிய வாக்கெடுப்பு வரைக்கும் போக அங்கே வழி இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. திடீர்ப் பணம் வராது. கிளப்பின் வருமானம் நான்கைந்து வழிகளில்தான்: டிக்கெட், ஸ்பான்சர், டிவி, ஆட்டக்காரர்களை விற்பது, ஐரோப்பியப் போட்டிகளில் கிடைக்கும் பரிசுத்தொகை. கடைசி இரண்டும் பெரிய தொகை. ஆனால் இரண்டுக்கும் முதலில் நன்றாக ஆட வேண்டும். வேறு நாடுகளில் பணம் வந்து ஆட்டத்தை உயர்த்தும். இங்கே ஆட்டம் உயர்ந்தால்தான் பணம் வரும்.

முன்னால் போனவர்கள்

இந்த வழியிலேயே மேலே போகலாம் என்று கிளிம்ட்டுக்கு முன்பே ஒரு கிளப் காட்டியது. ட்ரோன்ஹெய்ம் நகரின் ரோசன்போர்க். 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 13 லீக் பட்டங்கள். அதில் பெரும்பகுதிக்குப் பயிற்சியாளர் நில்ஸ் ஆர்னே எக்கன். ஓர் ஆட்டக்காரருக்கு எது நன்றாக வருமோ அதையே செய்யவிட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அவரை அதைச் செய்யும்படி ஆக்க வேண்டும் என்பதுதான் அவருடைய பாடம். வடிவம் 4-3-3, அதாவது தடுப்பில் நான்கு பேர், நடுவில் மூன்று, முன்னால் மூன்று. 1996 டிசம்பரில் டிரா செய்தாலே போதும் என்ற நிலையில் இருந்த இத்தாலியின் ஏசி மிலனை மிலனின் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று தோற்கடித்து சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றினார்கள். 1995 முதல் 2002 வரை எட்டு வருடம் விடாமல் அந்தப் போட்டியின் முக்கியச் சுற்றில் ஆடினார்கள்.

சோலியெட் இந்த ரோசன்போர்க்கில் எக்கனிடம் ஆடியவர். 1993-ல் கிளிம்ட்டின் எழுச்சிக்குப் பின்னால் இருந்தது ட்ரோன்ஹெய்மிலிருந்து வந்த யோசனைதான். பிறகு 1998-ல் எக்கன் ஒரு வருடம் ஓய்வு எடுத்தபோது அந்த இடத்தில் உட்கார்ந்தவரும் இவரே.

எக்கனுக்குப் பிறகு ரோசன்போர்க் பட்டங்கள் ஜெயிக்காமல் இல்லை. ஆனால் ஐரோப்பாவில் அந்தப் பழைய மிரட்டல் திரும்ப வரவில்லை. கஜானாவில் பணம் இருந்தது. வருடா வருடம் ஆள் வாங்கினார்கள். இன்ன மாதிரிதான் ஆடுவோம் என்ற தெளிவு மட்டும் பயிற்சியாளர் மாற மாற மாறிக்கொண்டே போனது. என்னைக் கேட்டால் நார்வேக் கால்பந்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கிளப்பின் இரண்டு பாதிகளே போதும்.

போர் விமானியும் பள்ளிக்கூட வாசனை அடிக்கும் கோச்சும்

2016-க்குத் திரும்புவோம். கிளிம்ட் இறங்கிவிட்டது. ஆட்டத்திறமையை விட மனசுதான் முதலில் உடைந்தது என்று கிளப்பில் இருந்தவர்களே சொன்னார்கள். ஒரு கோல் வாங்கினால் போதும், அணி சரிந்துவிடும்.

போடோவில் ஊரை ஒட்டியே விமானப்படைத் தளம் இருந்தது. பனிப்போர்க் காலத்திலிருந்து நேட்டோவுக்கு முக்கியமான இடம். 1960-ல் சோவியத் மண்ணில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க யு-2 உளவு விமானம் இறங்க வேண்டியிருந்தது இங்கேதான். அப்படிப்பட்ட ஊரில் ஓய்வுபெற்ற போர் விமானிகள் இருப்பது அதிசயம் இல்லை. அவர்களில் ஒருவர் பியோர்ன் மான்ஸ்வெர்க். ஆப்கானிஸ்தானிலும் லிபியாவிலும் பறந்தவர், கால்பந்து ஆள் கிடையாது. கிளப் அவரை மனப்பயிற்சியாளராக அழைத்தது.

அவர் செய்தது சாதாரணமாகத்தான் தெரியும். போர் விமானிகள் ஒவ்வொரு பயணமும் முடிந்து உட்கார்ந்து, என்ன தப்பு நடந்தது என்று பதவி வித்தியாசம் பார்க்காமல் பேசுவார்கள். மறைத்தால் அடுத்த முறை உயிர் போகும். அந்தப் பழக்கத்தை ஆட்டக்காரர்களிடம் கொண்டுவந்தார். கிளிம்ட் ஆட்டத்தைப் பார்க்கும்போது ஒரு காட்சியைக் கவனியுங்கள். எதிரணி கோல் போட்டதும் கிளிம்ட் ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடுவார்கள். யாரையும் திட்ட மாட்டார்கள். இப்போது என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சில நொடி பேசிவிட்டுக் கலைவார்கள். கேப்டன் மட்டும் பேசி மற்றவர்கள் தலையாட்டும் கூட்டம் இல்லை அது.

உல்ரிக் சால்ட்னெஸ் என்ற மிட்பீல்டர், ஆட்டத்துக்கு முன் வயிறு கலங்கி, கால்பந்தையே விட்டுவிடலாம் என்ற நிலைக்கு வந்தவர். பரிசோதனைகளில் உடம்பில் கோளாறு எதுவும் தெரியவில்லை. பிரச்சினை பதற்றம். மான்ஸ்வெர்க்கோடு வேலை செய்து மீண்டார். அதே சால்ட்னெஸ் 2025 மே மாதம் லண்டனில் டாட்டன்ஹாமுக்கு எதிரான ஐரோப்பிய அரையிறுதியில் கோல் போட்டார்.

2017-ல் அணி மேலே வந்தது. 2018-ல் தலைமைப் பயிற்சியாளரானவர் ஷெட்டில் க்னூட்சன். பெர்கன் பக்கத்துக்காரர். பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் இல்லை, ஆசிரியர் வேலை பார்த்தவர், சின்ன கிளப்புகளில் படிப்படியாக வந்தவர். பேச்சிலும் அந்த ஆசிரியர் தொனி இருக்கும். முதல் வருடம் 11-ம் இடம். பெரும்பாலான கிளப்புகளில் இந்த இடத்தில் கோச் மாற்றப்படுவார், இங்கே யாரும் அவசரப்படவில்லை. அவரும் மான்ஸ்வெர்க்கும் சேர்ந்து ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்கள்: "இந்த வருடம் இத்தனையாவது இடம்" என்று இலக்கு வைப்பது இல்லை. புள்ளிப் பட்டியல் நம் கையில் இல்லை, இன்றைய பயிற்சி நம் கையில் இருக்கிறது. கேட்கும்போது சுயமுன்னேற்றப் புத்தக வாசகம் மாதிரி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருடக்கணக்காக அப்படியே நடந்துகொண்டார்கள்.

ஆட்டத்தின் வடிவம் மறுபடி 4-3-3. பந்து எதிரணியிடம் போன மறுகணம் இரண்டு மூன்று பேர் பாய்ந்து நெருக்குவார்கள். பந்து கிடைத்ததும் பின்னால் உருட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், சின்னச் சின்ன பாஸ்களில் நேராக முன்னே. எதிரணி பெரிதாக இருந்தாலும் இதே ஆட்டம், வெளியூரிலும் இதே ஆட்டம். 2019-ல் இரண்டாம் இடம். 2020-ல் 30 ஆட்டத்தில் 26 வெற்றி, 3 டிரா, ஒரே ஒரு தோல்வி. போட்ட கோல்கள் 103. இரண்டாம் இடத்தில் இருந்த மோல்டேயை விட 19 புள்ளி அதிகம். லீக் பட்டம் ஜெயித்த முதல் வட நார்வே அணி. அதன்பின் 2021, 2023, 2024 என்று மூன்று பட்டங்கள்.

விற்றும் வளர்வது

ஜெயித்த கையோடு ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். 2020 செப்டம்பரில் மிலனின் சொந்த மைதானமான சான் சிரோவில் அவர்களிடம் 2-3 என்று தோற்ற ஆட்டத்தில் யென்ஸ் பெட்டர் ஹௌகே கோல் போட்டு அசத்த, சில நாட்களிலேயே மிலன் அவரை வாங்கிவிட்டது. அந்த வருடம் 27 கோல் போட்ட காஸ்பர் யுங்கர் ஜப்பானுக்குப் போனார். ஃபிலிப் ஸிங்கர்நாகல் இங்கிலாந்துக்கு. சாம்பியன் அணியின் முன்வரிசை மொத்தமும் காலி. அடுத்த வருடமும் பட்டம் ஜெயித்தார்கள். ஆட்டமுறை நிலையாக இருந்தால், புதிதாக வருபவருக்குத் தன் இடம் எது, வேலை எது என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

போனவர்களில் சிலர் திரும்பியும் வந்தார்கள். பாட்ரிக் பெர்க் 2022 ஜனவரியில் பிரான்சின் லான்ஸுக்குப் போய் அதே வருடம் வீடு திரும்பினார். இன்று அவர்தான் கேப்டன். 1975 கோப்பையைத் தூக்கிய ஹாரல் பெர்க்கின் பேரன் இவர். அப்பா ஓர்யான், சித்தப்பா ரூனார் இருவரும் இதே சட்டை போட்டவர்கள். ஹௌகேயும் 2024-ல் திரும்பிவிட்டார். மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான மூன்று கோல்களில் ஒன்று அவருடையது, மற்ற இரண்டும் காஸ்பர் ஹோக் போட்டவை.

ஐரோப்பாவின் கதவு

லீக்கில் முன்னணியில் முடிப்பவர்களுக்கு அடுத்த வருடம் ஐரோப்பியப் போட்டிகளில் ஆட வாய்ப்பு. மூன்று அடுக்குகள்: உச்சியில் சாம்பியன்ஸ் லீக், அடுத்து யூரோப்பா லீக், அதற்கும் கீழே கான்ஃபரன்ஸ் லீக். நார்வே மாதிரி நாடுகளின் அணிகளுக்கு முக்கியச் சுற்றில் நேரடி இடம் கிடைப்பது அரிது. கோடையில் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி வர வேண்டும்.

2021 அக்டோபர் 21 அன்று கான்ஃபரன்ஸ் லீக்கில் இத்தாலியின் ரோமா போடோவுக்கு வந்தது. கோச் ஜோசே மொரீன்யோ, உலகத்திலேயே தடுப்பாட்டத்துக்குப் பேர்போனவர். முடிவு 6-1. அவருடைய அணி ஓர் ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கியது அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அந்த சீசனில் ஸ்காட்லாந்தின் செல்டிக்கை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்துக் காலிறுதிக்குப் போனார்கள். அங்கே மறுபடி ரோமா. போடோவில் 2-1 ஜெயித்து, ரோமில் 0-4 தோற்றார்கள். கணக்கைத் தீர்த்துக்கொண்ட ரோமா கோப்பையையும் எடுத்துக்கொண்டது.

2025-ல் யூரோப்பா லீக் காலிறுதியில் இத்தாலியின் லாட்சியோவை பெனால்டியில் வென்று, ஐரோப்பியப் போட்டி ஒன்றின் அரையிறுதியை எட்டிய முதல் நார்வே கிளப் ஆனார்கள். அந்த இரவில் எதிரணியின் பெனால்டிகளைத் தடுத்த கோல்கீப்பர் நிகிதா ஹைகின். அரையிறுதி டாட்டன்ஹாமோடு. கிளிம்ட்டின் ஆஸ்ப்மிரா ஸ்டேடியத்தில் சுமார் 8,000 பேர்தான் உட்கார முடியும். பொது விற்பனைக்கு வந்த 480 டிக்கெட்டுக்கு சுமார் 50,000 பேர் ஆன்லைனில் முட்டி மோதினார்கள் என்று செய்தி வந்தது. ஒரு ரசிகர் டிக்கெட்டுக்குப் பதிலாக 5 கிலோ கலைமான் இறைச்சி தருவதாக விளம்பரம் கொடுத்தார். இன்னொருவர் மீன் தருகிறேன் என்றார். ஆட்டத்தில் டாட்டன்ஹாம் 3-1, 2-0 என்று இரண்டிலும் ஜெயித்துப் பிறகு கோப்பையையும் வென்றது.

இங்கே ஒரு குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும். ஆஸ்ப்மிராவில் இருப்பது செயற்கைப் புல். குளிர்காலத்தில் இயற்கைப் புல்லை அங்கே வளர்க்க வழியில்லை. பந்து அதில் வேகமாக ஓடும், வேறுவிதமாகத் துள்ளும், அதனால்தான் ஜெயிக்கிறார்கள் என்று தோற்ற அணிகள் சொல்வதுண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. சொந்த ஊர் ஆட்டங்களில் கிளிம்ட் காட்டும் முரட்டுத்தனம் வெளியூரில் எப்போதும் இருப்பதில்லை. ஆனால் அதே செயற்கைப் புல் 2016-லும் இருந்தது. அணி அப்போது இறங்கத்தான் செய்தது.

2025 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் ஸ்டுர்ம் கிராட்ஸை போடோவில் 5-0 என்று நொறுக்கி, முதல்முறையாக சாம்பியன்ஸ் லீக்கின் முக்கியச் சுற்றுக்குள் நுழைந்தார்கள். அங்கே நுழைந்தாலே ஓர் அணிக்கு 1.86 கோடி யூரோ. இந்தப் பணம் கிளிம்ட்டை நார்வேயின் மற்ற கிளப்புகளிடமிருந்து தூரமாகக் கொண்டுபோய்விடும், ரோசன்போர்க்கின் 13 வருடம் திரும்ப வரும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அதே 2025 லீக்கில் பட்டம் ஜெயித்தது ஸ்தவாங்கரின் விகிங். 1991-க்குப் பிறகு அவர்களுக்கு முதல் பட்டம். கிளிம்ட் ஒரே ஒரு புள்ளி பின்னால்.

இனி இந்த அணியைத் தொடர்ந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. நார்வே லீக் மார்ச்சில் தொடங்கி நவம்பர் கடைசி அல்லது டிசம்பரில் முடியும். ஐரோப்பியப் போட்டிகளோ ஆகஸ்ட், செப்டம்பரில் சூடுபிடித்து மே மாதம் முடியும். இதனால் ஐரோப்பியத் தகுதிச் சுற்றுகளின்போது கிளிம்ட் நடு சீசனில், நல்ல ஓட்டத்தில் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் முக்கிய ஆட்டங்கள் வரும்போது ஊரில் லீக்கே நடக்காது. உடம்பைச் சூடாக்க லீக் ஆட்டம் ஒன்றுகூட இல்லாமல், பயிற்சி ஆட்டங்களை மட்டும் நம்பி நேராகப் பெரிய அணியோடு மோத வேண்டும். மான்செஸ்டர் சிட்டியை ஜெயித்த 2026 ஜனவரி 20-க்கு முன் கிளிம்ட் ஆடிய கடைசி லீக் ஆட்டம் நவம்பர் 30 அன்று நடந்தது.